சண்டை இல்லாத பதினோரு நாள்

மேடையில் ஐந்து பேர். நடுவில் கைவிளக்கு அறக்கட்டளையின் தலைவர் நாகபூஷணம் காரு. அவருக்கு வலப்பக்கம் போதகர் ஜீவரத்தினம் ஐயா. இடப்பக்கம் கேசியா அம்மாவின் கணவர் சைமன் சார், மகள் ஷோபா. ஓரத்து நாற்காலியில், திருப்பதியில் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியர் அனில். கீழே நாற்காலிகளில் எண்பத்து நான்கு பேர். இடம் போதாமல் பின்னால் நிற்பவர்கள் பதினேழு பேர். முதல் வரிசையில் தொடுநூல் பிரிவைச் சேர்ந்த நான்கு பேர்: கன்னியம்மாள், பவன்குமார், கோவர்த்தனன், யாமினி. ஐந்தாவது ஆள் நான். வரவேண்டியவர்களில் ஒருவர் வரவில்லை. அவர் படத்துக்குத்தான் மாலை போட்டிருக்கிறோம்.

பெரியோர்களே, சபையாரே, அறக்கட்டளையின் குடும்பத்தாரே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். இரங்கல் கூட்டத்தில் தலையை எண்ணுகிறாளே என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். எந்தக் கூட்டமானாலும் வந்தவர்களை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்க வேண்டும் என்பது கேசியா அம்மா எனக்கு வைத்த விதி. "யார் இருந்தாங்கன்னு தெரியாம, யார் சொன்னாங்கன்னு எப்படித் தெரியும் சந்திரம்மா?" என்பார்.

நான் சந்திரம்மா. புத்தூரில் பிறந்து ரேணிகுண்டாவில் வாழ்க்கைப்பட்டவள். பள்ளிக்கூடம் ஏழாவது வரை, அதுவும் தெலுங்கில். தமிழ் எழுத்தை பஜனைப் புத்தகத்திலும் மளிகை கட்டி வந்த காகிதத்திலும் நானாகக் கூட்டிப் படித்தேன். வீட்டையும் பெருமாளையும் தவிர எனக்கு வேறு வேலை தெரியாது. சனிக்கிழமை ஒரு பொழுதுதான் சாப்பாடு. இன்றும் சனிக்கிழமைதான், ஆகவே வயிற்றில் ஒன்றும் இல்லாமல், மனசில் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு நிற்கிறேன். மேடையில் பேசுவது இதுதான் முதல் தடவை. ஆனாலும் நடுக்கம் இல்லை. கேசியா அம்மாவைப் பற்றிப் பேச எனக்கு எதற்கு நடுக்கம்?

தொடுநூல் பிரிவு என்ன செய்கிறது என்று இங்கே பலருக்குத் தெரிந்திருக்காது. துணியில் புத்தகம் செய்கிறோம். பார்வையில்லாத பிள்ளைகள் விரலால் தொட்டுப் படிக்கிற புத்தகம். மிளகாய் என்றால் அதன் வளைவும் காம்பும் விரலுக்குக் கிடைக்க வேண்டும். மழை என்றால் மழையும் கிடைக்க வேண்டும். மழையைத் துணியில் எப்படிச் செய்வது? கடையில் மாதிரி கிடைக்குமா? பத்துப் பக்கப் புத்தகம் என்றால் பத்துத் தடவை யாராவது ஒருவர் உலகத்தில் முதல் ஆளாக யோசித்தாக வேண்டும்.

இந்தப் பிரிவைக் கட்டியவர் திருமதி கேசியா சைமன். சித்தூரின் பழைய மிஷன் சபைக் குடும்பத்தில் பிறந்தவர். சத்தியவேடு பக்கம் செல்போன் தயாரிக்கும் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் லைன் சூப்பர்வைசராக இருந்தவர். அவருடைய கண்காணிப்பில் நூற்றுப்பத்துப் பெண்கள், நூற்றுப்பத்துப் பேருக்கும் ஒரே கை அசைவு. அந்த வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தபோது ஏன் என்று கேட்டேன். "லைனுக்கு ஒரே மாதிரி கை வேணும் சந்திரம்மா. புதுசா ஒண்ணு செய்யணும்னா வேற வேற தலை வேணும். கையைப் பாத்துப் பாத்து அலுத்துப் போச்சு, கொஞ்சம் தலையைப் பாக்கலாம்னு வந்தேன்" என்றார்.

அவர் எப்படித் தலைகளைத் தேடினார் தெரியுமா? நல்ல பெயர் எடுத்தவர்களை அவர் தேடவே இல்லை.

பிச்சாட்டூரிலிருந்து தையல் வேலைக்கு வந்தவர் கன்னியம்மாள். நேர்முகத் தேர்வில் ஒரு மாதிரிப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். வேலை கேட்டு வந்தவர் என்ன சொல்வார்? நன்றாக இருக்கிறது என்பார். கன்னியம்மாள் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா தையல் இது? கொழந்த வாயில வெச்சா நூலு பிரிஞ்சி தொண்டைக்குப் போவும். இத யாரு தெச்சது?" என்றார். தைத்தவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். கேசியா அம்மாதான் அது. அன்றைக்கே வேலை கொடுத்துவிட்டார்.

ஏர்பேட்டுப் பிள்ளை பவன்குமார், இங்கே வருவதற்கு முன் நான்கு வேலை பார்த்தவர். நான்கையும் விட்டதற்குக் காரணம் கேட்டால், "போர் அடிச்சிடுச்சு மேடம்" என்ற ஒரே பதில்தான். அவர் தலையில் நிமிஷத்துக்கு ஒரு யோசனை முளைக்கும். பத்தில் ஒன்பது தேறாது. ஆனால் அந்தப் பத்தாவது வேறு யாருக்கும் தோன்றாது. யாமினி நேர் எதிர். அளவுகோல் இல்லாமல் கோடு போட மாட்டாள். யார் எதைச் சொன்னாலும் "சரிங்க" என்பாள், சொன்னதை மயிரிழை பிசகாமல் வரைந்து தருவாள்.

கோவர்த்தனன் துணி வெட்டுகிறவர். நேர்முகத் தேர்வில் ஏழு கேள்வி கேட்டார்கள், ஏழுக்கும் தலையாட்டல்தான் பதில். அறக்கட்டளைக் கமிட்டியில் ஒருவர் எரிச்சலாகி, இவருக்குப் பேச வருமா என்று கேட்டார். கேசியா அம்மா ஒரு துண்டுத் துணியையும் கத்தரிக்கோலையும் அவர் பக்கம் தள்ளினார். கோடு போடாமல், மடிப்பு வைக்காமல், இரண்டு நிமிஷத்தில் ஒரு நண்டை வெட்டி மேசைமேல் வைத்தார் கோவர்த்தனன். எட்டுக் காலும் இரண்டு கொடுக்கும் இருந்தன. "பேசாதவர்கிட்ட வார்த்தை கேக்காதீங்க. துணி கொடுங்க" என்று கேசியா அம்மா சொன்னது அப்போதுதான்.

நான் எப்படி வந்தேன்? ஒரு நாள் பிரசாதம் கொடுக்க எங்கள் தெருவிலேயே இருந்த அவர் வீட்டுக்குப் போனபோது என் பையிலிருந்து நோட்டு விழுந்துவிட்டது. அது வீட்டுக் கணக்கு நோட்டு. ஆனால் அதில் வரவு செலவு பாதிதான். மீதிப் பாதியில், இன்று யார் என்ன சாப்பிட்டார், யார் எதை மிச்சம் வைத்தார், யார் கேட்காமலே இரண்டாம் தடவை போட்டுக்கொண்டார் என்று இருபத்து மூன்று வருஷமாக எழுதி வருகிறேன். எதை எப்போது சமைத்தால் வீட்டில் யார் முகம் கோணாது என்று எனக்குத் தெரிய வேண்டாமா? கேசியா அம்மா நின்ற இடத்திலேயே நான்கு பக்கம் படித்தார். "நீங்க காசைக் கவனிக்கிறவங்கன்னு நினைச்சேன். ஆளைக் கவனிக்கிறீங்க. எங்க ஆபீஸுக்கு இதுதான் இல்ல. வாரம் மூணு நாள் வந்து எழுத முடியுமா?" என்று கேட்டார்.

அப்படித்தான் பதிவேடு என் கைக்கு வந்தது. முதல் நாள் நான் எழுதியதை வாசித்துக் காட்டினேன்: யானைப் பக்கம் பற்றிப் பேசப்பட்டது, முடிவு செய்யப்பட்டது. கேசியா அம்மா தலையசைத்து மறுத்தார்.

"நடுவுல நடந்தது எங்கே?"

"நடுவுல சண்டைதான் மேடம் நடந்தது."

"அதை எழுதுங்க. முடிவு எங்க எல்லாருக்கும் தெரியும். சண்டைதான் மறந்து போயிடும்."

அன்றிலிருந்து பதிவேட்டில் ஒரு கட்டம் போட்டேன். கட்டத்தின் பெயர் 'சண்டை'. மூன்று வருஷம் எட்டு மாதத்தில் நானூற்றுப் பன்னிரண்டு சண்டைகள் அதில் இருக்கின்றன. பிறந்த புத்தகங்கள் இருபத்து மூன்று. அந்த யானைச் சண்டையை மட்டும் வாசித்துக் காட்டுகிறேன், கேளுங்கள். துக்க வீட்டில் சிரிக்கலாமா என்று யோசிக்காதீர்கள். அவர் இருந்திருந்தால் முதலில் சிரித்திருப்பார்.

பவன்குமார் யானைக்கு ஒரு முழத் தும்பிக்கை வைத்து, உள்ளே ஸ்பிரிங் போட்டுக் கொண்டுவந்தார்.

கன்னியம்மாள்: "இன்னாடா இது, யானையா? போர்வெல் பைப்பு மாதிரி கீது."

பவன்குமார்: "அக்கா, பிள்ளைங்க புடிச்சி இழுக்கும் அக்கா. ஜாலியா இருக்கும்."

"இழுத்தா புட்டுக்கினு வரும். அப்பறம் உன் யானை பன்னி ஆயிடும்."

"சரே அக்கா, நீயே சொல்லு. எப்படி வைக்கலாம்?"

"அத சொல்றதுக்கு நானா சம்பளம் வாங்கறேன்? எனக்கு தப்பு தெரியுது, சொல்றேன். ரைட்டு உனக்கு தெரியணும்."

யாமினி: "இரண்டும் சரிதாங்க."

கன்னியம்மாள்: "நீ எதுதாண்டி சரியில்லன்னு சொல்லுவே? உன்ன கட்டிக்கப்போறவன் குடுத்து வெச்சவன்."

அடுத்து கேசியா அம்மா என்ன செய்தார்? தீர்ப்புச் சொல்லவில்லை. அது அவர் வழக்கமே இல்லை. தும்பிக்கையைப் பிய்த்து, துணியைக் கோவர்த்தனன் மேசையில் வைத்துவிட்டு, எல்லோரையும் சாப்பிடப் போகச் சொன்னார். மறுநாள் காலை மேசைமேல் ஒரு தும்பிக்கை கிடந்தது. ஸ்பிரிங் இல்லை. துணியையே விசிறி மடிப்பாக மடித்து உள்பக்கமாகத் தைத்திருந்தார். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். கோவர்த்தனன் அன்று ஒரே ஒரு வார்த்தை பேசினார்: "இழுங்க." கன்னியம்மாள் காலை மேசையில் ஊன்றிக்கொண்டு மூன்று தடவை இழுத்தார். வரவில்லை. "ம். பரவால்ல" என்றார். அந்தப் பரவாயில்லை எங்கள் பிரிவில் தங்கப் பதக்கம்.

இப்போது கேட்கிறேன், அந்தத் தும்பிக்கை யாருடையது? இழுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவருடையதா? பிய்ந்துவிடும் என்று பயந்தவருடையதா? மடித்தவருடையதா? அளவு பிசகாமல் அதை அறுபது பிரதிக்கும் வரைந்து கொடுத்த யாமினியுடையதா? எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரியாமல் இருப்பதுதான் கேசியா அம்மாவின் கெட்டிக்காரத்தனம்.

அவர் வைத்த முறை இவ்வளவுதான். மாதத்தின் முதல் திங்கட்கிழமை இருக்கை மாறும். ஒத்த குணக்காரர் இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரக்கூடாது. புதன்கிழமை பதினோரு மணிக்குச் சண்டை நேரம். முடிந்த புத்தகம் எதுவானாலும் கன்னியம்மாள் மேசையில் ஒரு நாள் இருந்துவிட்டுத்தான் வெளியே போக வேண்டும், அவர் மூன்று குறை சொல்லியாக வேண்டும். மூன்று கிடைக்காவிட்டால் கன்னியம்மாளுக்கே கோபம் வரும். இதற்காக யாரும் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. ஊமையைப் பேசு என்று அவர் சொன்னதில்லை, வாயாடியை அடங்கு என்றும் சொன்னதில்லை. ஒருவரிடம் குறையும் குணம் பக்கத்து நாற்காலியில் இருக்கும்படி மட்டும் பார்த்துக்கொண்டார்.

சாமிக்கு நைவேத்தியம் செய்கிற எனக்கு இது முதலிலேயே புரிந்திருக்க வேண்டும். புளியோதரையில் புளிக்கும் வெல்லத்துக்கும் என்ன ஒற்றுமை? ஆனால் புரியவில்லை. ஏன் புரியவில்லை என்பதைச் சொல்லத்தான் இன்று மேடை ஏறினேன்.

போன வருடம் ஆடி மாதம் கேசியா அம்மா சிகிச்சைக்காக வேலூர் போனார். பதினோரு வேலை நாள். வாரம் மூன்று நாள் வருகிற நான் அத்தனை நாளும் வந்தேன். போகும்போது இருக்கைப் பட்டியலை என் கையில் கொடுத்து, "இதை மட்டும் பாத்துக்கோங்க" என்றார். என் மனசில் என்ன தோன்றியது தெரியுமா? ஐயோ, ஒரு நல்ல மனுஷி நோயில் கிடக்கிறார், அவர் திரும்பி வரும்வரையாவது இந்த அறையில் அமைதி இருக்கட்டும். அமைதி பெருமாளுக்குப் பிடித்தது என்று நானாக நினைத்துக்கொண்டேன். பட்டியலை மாற்றினேன். பேசாதவர்களை, அதாவது கோவர்த்தனனையும் யாமினியையும், உள்ளறையில் சேர்த்து உட்கார வைத்தேன். பவன்குமாருக்கு என் பக்கத்து மேசை. அவர் என்ன சொன்னாலும் நான் நன்றாக இருக்கிறது என்பேன். கன்னியம்மாளை முன்னறைக்குப் பொதி கட்டும் வேலைக்கு அனுப்பினேன். கன்னியம்மாள் மேசையில் புத்தகம் ஒரு நாள் இருக்க வேண்டும் என்ற வழக்கத்தையும் நிறுத்தினேன்.

பதினோரு நாளும் அறை கோயில் மாதிரி இருந்தது. பதினோரு நாளும் 'சண்டை' கட்டத்தில் ஒரே சொல் எழுதினேன்: இல்லை. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, அந்தச் சொல்லை எழுதும்போது எனக்கு அவ்வளவு பெருமை.

அந்தப் பதினோரு நாளில் ஒரு புத்தகம் செய்தோம். வட்டமான பொருள்களின் புத்தகம். பவன்குமார் யோசித்தார், யாமினி வரைந்தாள், கோவர்த்தனன் வெட்டினார். நிலா, தோசை, நாணயம், சக்கரம். நிலா வெள்ளை, தோசை பொன்நிறம், நாணயம் சாம்பல், சக்கரம் கறுப்பு. பார்க்க அவ்வளவு அழகு. நாற்பது பிரதி திருப்பதிப் பள்ளிக்குப் போயிற்று.

மூன்றாம் நாள் தொலைபேசி வந்தது. அப்போது எனக்கு அவரைத் தெரியாது. இதோ மேடையில் இருக்கிற அனில் சார்தான். பிறவியிலேயே பார்வையில்லாதவர். பேச்சில் மட்டும் எட்டுக் கண்.

"அம்மா, நிலாப் புத்தகம் வந்துச்சு. ஒரு டவுட்டு."

"சொல்லுங்க சார்."

"உங்க ஊர்ல நிலாவத் துன்னுவீங்களா, செலவு பண்ணுவீங்களா, வண்டியில மாட்டுவீங்களா? எங்க பிள்ளைங்க கேக்குதுங்க. நாலும் ஒரே வட்டமாத்தான் கீது."

என் மேசையில் ஒரு பிரதி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தொட்டேன். நிலா வட்டம். தோசை வட்டம். நாணயம் வட்டம். சக்கரமும் வட்டம். ஒரே துணி, ஒரே அளவு, ஒரே தையல். நிறத்தை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டு, பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் புத்தகம் அனுப்பியிருக்கிறோம். நான்கு பேர் சேர்ந்து, பதினோரு நாள், ஒருவர்கூட கண்ணை மூடிப் பார்க்கவில்லை. நான்கு பேருக்கும் ஒரே எண்ணம் இருந்தால், அங்கே நான்கு பேர் இருந்தார்கள் என்று எப்படிச் சொல்வது?

கேசியா அம்மா திரும்பி வந்தார். மெலிந்திருந்தார். முதல் வேலையாகப் பதிவேட்டைக் கேட்டார். இல்லை, இல்லை, இல்லை என்று பதினோரு பக்கத்தையும் விரலால் தொட்டுக்கொண்டே போனார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"சந்திரம்மா, இந்தப் பதினோரு நாளும் ஆபீஸ் லீவா?"

இருக்கையை நான்தான் மாற்றினேன் என்று ஒப்புக்கொண்டேன். அவர் கோபிக்கவில்லை. நிலாவுக்கு மெல்லிய பட்டு, தோசைக்கு ஓரம் முறுகலாகச் சணல், நாணயத்துக்கு உள்ளே தகடு, சக்கரத்துக்கு ஆரக்கால் என்று நாற்பதையும் இரண்டு வாரத்தில் திரும்பச் செய்தோம். சண்டைக் கட்டம் நிரம்பி வழிந்தது.

அந்த நாளில்தான் கமிட்டி அனுப்பி பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து எங்களுக்குக் குணத் தேர்வு வைத்தார். நாற்பது கேள்வி. பதிலுக்கு ஏற்றபடி நான்கு நிறத்தில் ஒன்று கொடுப்பார். "உங்களுக்குத் தனிமை பிடிக்குமா, கூட்டம் பிடிக்குமா?" என்று கேட்டதற்கு, "யாரு யாரு கூட்டத்துல கீறாங்கன்னு சொல்லு, அப்பறம் சொல்றேன்" என்றார் கன்னியம்மாள். பவன்குமார் இரண்டு பதிலிலும் குறி போட்டார். யாமினி எது சரியான பதில் என்று அவரையே கேட்டாள். கோவர்த்தனன் தாளை வெறுமையாகக் கொடுத்தார். ஓரத்தை மட்டும் அழகாக வெட்டியிருந்தார். வந்தவர் அறிக்கை எழுதினார்: ஒரே நிறத்தவர்களை ஒன்றாக வைத்தால் உரசல் இல்லாமல் வேலை நடக்கும்.

கேசியா அம்மா அந்த அறிக்கையைக் கவனமாகப் படித்தார். அதைக் கேலி செய்யவில்லை. "நல்லாத்தான் பிரிச்சிருக்காரு. ஆனா நாம பாக்க வேண்டியது எந்தக் கலர் யார்கிட்ட இருக்குன்னு இல்ல. எந்தக் கலர் நம்மகிட்ட இல்லன்னு. நாம ஆறு பேருக்கும் கண்ணு தெரியுது, அதான் நம்ம குறை" என்றார். அடுத்த புதன்கிழமையிலிருந்து அனில் சார் எங்கள் மேசையில் உட்கார்ந்தார். எந்தக் குறையைச் சொல்ல அவர் தொலைபேசியில் அழைத்தாரோ, அந்தக் குறையையே சம்பளத்துக்குச் சொல்ல வைத்தார் கேசியா அம்மா. கன்னியம்மாளுக்கு முதல்முறையாகச் சரிக்குச் சரி வாயாட ஆள் கிடைத்தது.

சபையோரே, இதுவரை நான் சொன்னது எல்லாம் பதிவேட்டில் இருக்கிறது. இனிச் சொல்வது பதிவேட்டில் இல்லை.

கேசியா அம்மா போன மாதம் மூன்றாம் தேதி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். பதின்மூன்றாம் தேதி கமிட்டியிடமிருந்து எங்கள் பிரிவுக்கு ஒரு கடிதம் வந்தது. அறிக்கையின்படி எங்களை நிறவாரியாகப் பிரித்து, அறக்கட்டளையின் மற்ற பிரிவுகளில் சேர்க்கப்போவதாக அதில் இருந்தது. கன்னியம்மாளை வேலையிலிருந்து விடுவிப்பதாகவும் இருந்தது. இரண்டு காரணம். ஒன்று, சக ஊழியர்களுடன் ஒத்துப்போகாத சுபாவம். மற்றொன்று, நாற்பது புத்தகங்கள் பழுதாகப் போனதற்குப் பொறுப்பு. பொதிச் சீட்டில் கன்னியம்மாளின் கையெழுத்து இருக்கிறதாம்.

கையெழுத்து இருப்பது உண்மை. பொதி கட்டியவர் அவர்தானே. ஆனால் கட்டும்போது என்ன நடந்தது என்று இருவருக்குத்தான் தெரியும். அன்றைக்குப் பதினோராம் நாள், மாலை நாலரை மணி. கன்னியம்மாள் ஒரு புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"சந்திரம்மா, இன்னா இது? கண்ண மூடிக்கினு தொட்டா எல்லாம் ஒண்ணாவே கீது. இத அனுப்பிச்சா சிரிப்பாங்கோ."

நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உன் வேலை கட்டுறது கன்னியம்மா. கட்டு" என்றேன்.

"எழுதிக்கோ. நான் சொன்னேன்னு எழுதிக்கோ."

"இதெல்லாம் ஒரு சண்டையா எழுதறதுக்கு?"

அவர் போய்க் கட்டினார். கையெழுத்துப் போட்டார். நான் பதினோராம் நாளுக்கும் 'இல்லை' என்றே எழுதினேன். இருபத்து மூன்று வருஷம், என் வீட்டில் யார் ஒரு பிடி சோறு மிச்சம் வைத்தார் என்பதைக்கூடப் பொய்யாக எழுதாத கை இது. அன்று பொய் எழுதிற்று. அமைதியாக ஒரு நாள் முடிய வேண்டும் என்பதற்காக எழுதிற்று.

கேசியா அம்மாவுக்குத் தெரியுமா? பதிவேட்டை மூடும்போது அவர் ஒன்று கேட்டார்: "கன்னியம்மாள் பதினோரு நாள் ஒண்ணுமே சொல்லலையா? அந்தம்மா தூக்கத்துலகூட குறை சொல்லுமே." நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் ஒரு நிமிஷம் காத்திருந்தார். பிறகு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். கமிட்டிக்கு எழுதும்போது, தவறு என் பிரிவினுடையது, நான் பொறுப்பு என்று மட்டும் எழுதினார். யார் பெயரும் எழுதவில்லை. என்னைக் காப்பாற்றினாரா, நானாகச் சொல்லட்டும் என்று விட்டாரா? இனி யாரிடம் போய்க் கேட்பது?

கடிதம் வந்த அன்று கன்னியம்மாள் வீட்டுக்குப் போனேன். ஒரு வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே சொன்னார்: "உன்ன சொல்லி இன்னா ஆவப்போவுது? நீ கோச்சிக்கினு வூட்டோட நின்னுட்டா, எங்க சண்டைய யாரு எழுதுவா?"

ஒத்துப்போகாத சுபாவம் என்று எழுதியிருக்கிறீர்கள், நாகபூஷணம் காரு. தன் வேலை போகிற நேரத்திலும் இன்னொருத்தியின் பெயரைச் சொல்லாத மனுஷிக்கு இந்தப் பெயரா? அறையில் ஒத்துப்போகாதது அவர் வாய் மட்டும்தான். அந்த வாய்க்காகத்தான் கேசியா அம்மா அவரை எடுத்தார். அதை நான் பதினோரு நாள் மூடி வைத்தேன், அதன் பலனை நாற்பது பிள்ளைகள் விரலால் தொட்டார்கள்.

பதிவேடு இதோ என் கையில் இருக்கிறது. இங்கே வருவதற்கு முன், காலையில் விளக்கேற்றிவிட்டு, பதினோராம் நாள் பக்கத்தில் 'இல்லை' என்பதை ஒற்றைக் கோட்டால் அடித்தேன். பழைய எழுத்து தெரியும்படிதான் அடித்திருக்கிறேன். கீழே இன்றைய தேதி போட்டு எழுதியதை வாசிக்கிறேன்:

"சண்டை: ஒன்று. கன்னியம்மாள் நான்கு வட்டமும் தொடுவதற்கு ஒன்றாக இருக்கின்றன என்றார். சந்திரம்மா கேட்கவில்லை. கன்னியம்மாள் சொன்னதே சரி."

நானூற்றுப் பதின்மூன்றாவது சண்டை இது.

கேசியா அம்மா, நீங்கள் ஞாயிறு ஆராதனைக்குப் போகிறவர், நான் சனிக்கிழமை விரதக்காரி. நீங்கள் ஸ்தோத்திரம் என்பீர்கள், நான் கோவிந்தா என்பேன். நம் இருவரையும் எந்த நிறத்தில் சேர்ப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் வைத்துவிட்டுப் போன ஐந்து நாற்காலியும் ஒரே மேசையைச் சுற்றித்தான் இருக்கும், நான் அதன் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பேன் என்று உங்கள் படத்துக்கு முன்னால் சொல்கிறேன். அடுத்தது மழைப் புத்தகம். பவன்குமார் ஏழு யோசனை வைத்திருக்கிறார், கன்னியம்மாள் ஏழையும் கேட்காமலே ஆவாது என்றுவிட்டார். கோவர்த்தனன் மேசையில் துணி போட்டாயிற்று. யாமினி நேற்று முதல்முறையாக, "இது எனக்குச் சரியாப் படலைங்க" என்றாள். பதிவேட்டில் அதை அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறேன். நீங்கள் இருந்திருந்தால் அதற்காகவே எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்திருப்பீர்கள். அனில் சார் வாங்கிக் கொடுத்தார்.

நாகபூஷணம் காரு, கமிட்டிப் பெரியவர்களே, நாங்கள் கேட்பது மூன்று. நாற்பது புத்தகத்தின் பொறுப்பைக் கன்னியம்மாள் பெயரிலிருந்து எடுத்து என் பெயரில் எழுதுங்கள். அவரை வேலையில் வையுங்கள். எங்களைப் பிரிக்காதீர்கள். பதிவேட்டை இந்த மேசையிலேயே வைத்துவிட்டுப் போகிறேன், முழுவதும் படித்துப் பாருங்கள். ஆனால் செவ்வாய்க்கிழமை திருப்பிக் கொடுத்துவிடுங்கள். புதன்கிழமை பதினோரு மணிக்கு நாங்கள் மழையைப் பற்றிச் சண்டை போட உட்காருகிறோம், எனக்கு எழுத அது வேண்டும். மேசைக்கு எத்தனை நாற்காலி போடுவது என்பதும் எங்களுக்கு அப்போது தெரிய வேண்டும். ஆகவே உங்கள் பதிலை அதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.